பெருந்தொற்றும் தாய்மையும்: பெற்ற தாயும் தத்தெடுத்த தாயும் சுமந்தவை

2020ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி இரவு, பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, நாட்டு மக்கள் அனைவரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னரே பள்ளிக்கூடங்கள் பெரும்பான்மையான பிள்ளைகளுக்கு மூடப்பட்டிருந்தன. வகுப்பறை, விளையாட்டுத் திடல், குழந்தைகள் காப்பகம், உளச் சிகிச்சையாளரின் அறை, தாத்தா பாட்டியின் வீடு ஆகியவை செய்துவந்த வேலைகள் அனைத்தும் அந்த வாரத்திலிருந்து ஒரே வீட்டுக்குள், பெரும்பாலும் ஒருவரின் தலையில் வந்து இறங்கின. பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் தாயாகவே இருந்தார்.

நெருக்கடி எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானது. ஆனால் அனைவரும் ஒரே நிலையில் இருந்து அதனைச் சந்திக்கவில்லை. தாம் பெற்ற குழந்தையை வளர்க்கும் தாய்மாரும், சட்டப்படி தத்தெடுத்த குழந்தையை வளர்க்கும் தாய்மாரும் அனுபவித்த மன அழுத்தம் ஒரே வகையானதா? அவர்கள் அதிலிருந்து மீண்ட விதம் வேறானதா? பெருந்தொற்றுக்குப் பின்னர் இத்தாலி, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளில் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றுள்ள கேள்விகள் இவை. இங்கிலாந்தின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை அவற்றை ஆராய்கிறது.

எது அழுத்தம்?

பிள்ளை வளர்ப்பில் ஏற்படும் அழுத்தத்தை அளப்பதற்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படும் கருவிகளில் ஒன்று, அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் அபிடின் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட வினாத்தொகுப்பு. அதன் சுருக்க வடிவத்தில் 36 கூற்றுகள் உள்ளன. அவை மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பெற்றோர் என்ற பொறுப்பினால் ஒருவர் தமக்குள் உணரும் துயரம் முதலாவது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவில் ஏற்படும் பிசகு இரண்டாவது. பிள்ளையின் இயல்பும் நடத்தையும் உண்டாக்கும் சிரமம் மூன்றாவது.

இந்தப் பிரிவினை முக்கியமானது. ஏனெனில், இரண்டு தாய்மாரின் மொத்த மதிப்பெண் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒருவரின் அழுத்தம் தூக்கமின்மையாலும் தனிமையாலும் வந்திருக்கும். மற்றவரின் அழுத்தம், இரவில் அலறி எழுகின்ற, கதவை உதைக்கின்ற ஒரு பிள்ளையைத் தேற்ற முடியாமையால் வந்திருக்கும். எண் ஒன்றானாலும் இருவருக்கும் தேவைப்படும் உதவி ஒன்றல்ல.

பெல்ஜியத்தின் லூவென் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்கம், மொய்ரா மிக்கோலாயச்சாக் ஆகிய உளவியலாளர்கள் இதனைத் தராசு ஒன்றுக்கு ஒப்பான முறையில் விளக்குகின்றனர். ஒரு தட்டில் சுமைகள், மறு தட்டில் அவற்றைத் தாங்குவதற்கான வளங்கள். சுமைத் தட்டு நீண்ட காலம் தாழ்ந்தே இருந்தால், பெற்றோர் முற்றாகக் களைத்துப்போகும் நிலை உருவாகிறது என்பது அவர்களது கருத்து. பெருந்தொற்று செய்தது இதுதான். அது ஒரு தட்டில் சுமையைக் கூட்டியது. அதே வேளையில் மறு தட்டில் இருந்த வளங்களையும் எடுத்துச் சென்றது.

பெற்ற தாய்மாரின் நிலை

2020இல் இங்கிலாந்தில் கருவுற்றிருந்த பெண்கள் பலர், வயிற்றுக் குழந்தையின் ஸ்கேன் பரிசோதனைக்குத் தனியாகவே செல்ல நேர்ந்தது. பல மருத்துவமனைகளில் பிரசவ வலி முற்றிய பின்னரே கணவர் உள்ளே அனுமதிக்கப்பட்டார். துணைக்கு ஒருவர் எல்லாக் கட்டங்களிலும் உடனிருக்கலாம் என்ற வழிகாட்டல், அந்த ஆண்டின் டிசம்பர் மாதத்தில்தான் வந்தது. பிறந்த குழந்தையையும் தாயையும் வீடு தேடிச் சென்று பார்க்கும் சுகாதாரச் செவிலியர்கள், முதல் அலையின்போது பல பகுதிகளில் வேறு மருத்துவப் பணிகளுக்கு மாற்றப்பட்டனர். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வை முதலில் கண்டறியும் கண்கள் பெரும்பாலும் அவர்களுடையவையே.

வளர்ந்த பிள்ளைகளின் தாய்மாருக்கோ, வீடே பள்ளியாகவும் அலுவலகமாகவும் மாறிற்று. லண்டனில் உள்ள நிதி ஆய்வுக் கழகமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் 2020 மே மாதத்தில் வெளியிட்ட ஆய்வு, வேலைக்குச் செல்லும் பெற்றோரின் நேரத்தைக் கணக்கிட்டது. தந்தையர் இடையூறின்றி மூன்று மணி நேரம் ஊதியப் பணி செய்த இடத்தில், தாய்மாருக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம் மட்டுமே என்று அது காட்டியது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய கோ-ஸ்பேஸ் ஆய்வு, பள்ளிகள் மூடப்பட்ட காலங்களில் பெற்றோரின் அழுத்தம் உயர்ந்து, திறக்கப்பட்டபோது தாழ்ந்ததைப் பதிவு செய்தது. தனித்து வாழும் பெற்றோர், வருமானம் குறைந்தோர், சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஆகிய மூன்று தரப்பினரிடமும் அழுத்தம் மற்றவர்களைக் காட்டிலும் உயர்ந்திருந்தது. இந்த மூன்றாவது தரப்பில் தத்தெடுத்த குடும்பங்கள் கணிசமானவை என்பது குறிப்பிடத்தக்கது.

தத்தெடுத்த தாய்மாரின் தனிச் சுமைகள்

இங்கிலாந்தில் தத்தெடுப்பு என்றதும், பிறந்த சில நாட்களே ஆன பச்சிளங்குழந்தை ஒன்றைத் தொட்டிலில் இருந்து எடுத்து வரும் காட்சி பலரது மனத்தில் தோன்றலாம். உண்மை நிலை வேறு. 2002ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் குழந்தைகள் சட்டத்தின் கீழ் இன்று தத்துக் கொடுக்கப்படும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர், அரசின் பராமரிப்பில் இருந்து வருபவர்கள். சட்டப்படி தத்தெடுப்பு நிறைவடையும்போது அவர்களின் சராசரி வயது மூன்றைத் தாண்டியிருக்கும். புறக்கணிப்பு, வன்முறை, பெற்றோரின் போதைப் பழக்கம் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ அவர்களது குறுகிய வாழ்வில் ஏற்கனவே இடம்பெற்றிருக்கும்.

வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் பல்கலைக்கழகம் நடத்திய தொடர் ஆய்வில், தத்துக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர், குழந்தைப் பருவத் துன்ப அனுபவங்களில் நான்கையோ அதற்கு மேற்பட்டவற்றையோ சந்தித்திருந்தது தெரியவந்தது. இத்தகைய குழந்தைக்கு அன்றாட ஒழுங்கு என்பது வசதி மட்டுமல்ல. காலையில் பள்ளி, மாலையில் வீடு, வியாழக்கிழமைகளில் சிகிச்சையாளர் என்ற மாறாத வரிசைதான், "நாளையும் இதே வீட்டில்தான் இருப்பேன்" என்ற நம்பிக்கையை அதற்குக் கொடுக்கிறது. அந்த வரிசை ஒரே வாரத்தில் குலைந்தபோது, காரணம் அறியாமல் வீடு மாற்றப்பட்ட பழைய நினைவுகள் பல குழந்தைகளிடம் மீண்டும் கிளர்ந்தன.

இங்கே சட்டத்தின் ஒரு முடிச்சையும் கவனிக்க வேண்டும். பள்ளிகள் மூடப்பட்டபோது, அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் பாதிப்புக்குள்ளாகக் கூடிய பிள்ளைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. சமூகப் பணியாளரின் கண்காணிப்பில் உள்ளவர்களும், சிறப்புக் கல்வித் திட்டம் வகுக்கப்பட்டவர்களும் இந்த இரண்டாவது வகையில் இயல்பாகவே அடங்கினர். ஏனையோரைச் சேர்ப்பது பள்ளியின் அல்லது உள்ளாட்சி மன்றத்தின் முடிவுக்கு விடப்பட்டது. ஆனால் நீதிமன்றம் தத்தெடுப்பு ஆணை வழங்கியதும் குழந்தையின் முழுப் பொறுப்பும் பெற்றோரிடம் செல்கிறது. சமூகப் பணியாளர் வழக்கமாக விலகிக் கொள்கிறார். இதனால், நேற்று வரை அரசின் பார்வையில் பாதிக்கப்பட்டவராக இருந்த அதே குழந்தை, ஆணை கிடைத்த மறுநாள் முதல் சாதாரணக் குழந்தையாகக் கணக்கிடப்படுகிறது. குழந்தையின் காயம் மாறவில்லை, கோப்பு மட்டுமே மூடப்பட்டது. எனவே பல தத்துத் தாய்மார், தம் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்று தாமே வாதாட வேண்டியிருந்தது.

புதிதாகத் தாயானவர்களின் நிலை மேலும் சிக்கலானது. வழக்கமாக, குழந்தை அதுவரை வாழ்ந்த இடைக்காலப் பராமரிப்புக் குடும்பத்தின் வீட்டுக்குத் தத்தெடுப்போர் பல நாட்கள் சென்று, குளிப்பாட்டி, உணவூட்டி, உறங்க வைத்துப் பழகிய பின்னரே குழந்தையை அழைத்து வருவர். பெருந்தொற்றுக் காலத்தில் இந்தச் சந்திப்புகளின் ஒரு பகுதி காணொளி அழைப்பாகச் சுருங்கிற்று. மணத்தையும் தொடுகையையும் கொண்டு மனிதரை அறியும் வயதில் இருக்கும் குழந்தைக்குக் கணினித் திரை எந்த அளவுக்குத் தாயை அறிமுகப்படுத்தும் என்ற கேள்வி எழுவது இயல்பே. தத்தெடுப்பு ஆணை கோரி விண்ணப்பிப்பதற்குக் குழந்தை குறைந்தது பத்து வாரங்கள் அவர்களுடன் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் பின்னரும் நீதிமன்றங்களின் தாமதத்தால், குழந்தை மடியில் இருந்தும் சட்டப்படி தாயாக இல்லாத காலம் பலருக்கு நீண்டது.

பொருளாதாரமும் ஒரு காரணி. ஊதியப் பணியில் உள்ள தத்துத் தாய்க்கு, பெற்ற தாய்க்கு உள்ளது போலவே 52 வாரங்கள் வரை விடுப்பு உண்டு. ஆனால் சுயதொழில் செய்யும் பெண் குழந்தை பெற்றால் அவருக்குக் கிடைக்கும் மகப்பேற்று உதவித் தொகைக்கு நிகரான சட்டப்பூர்வ உரிமை, சுயதொழில் செய்து தத்தெடுக்கும் பெண்ணுக்கு இல்லை. தொழில்கள் முடங்கிய 2020இல் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்கவில்லை.

பேசப்படாத வன்முறை

தாய் மீது பிள்ளையே கை ஓங்கும் நிகழ்வுகள் பொதுவெளியில் அரிதாகவே பேசப்படுகின்றன. ஆக்ஸ்போர்டு, மான்செஸ்டர் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2020 ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட அறிக்கை இதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இத்தகைய வன்முறையை ஏற்கனவே அனுபவித்து வந்த பெற்றோரில் 70 சதவீதத்தினர், முடக்கக் காலத்தில் அது அதிகரித்ததாகத் தெரிவித்தனர்.

இது தத்தெடுத்த வீடுகளுக்கு மட்டும் உரியதல்ல. எனினும், ஆரம்ப வயதில் அச்சத்தில் வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதற்கான வாய்ப்பு அதிகம். இங்கே பெற்ற தாய்க்கும் தத்துத் தாய்க்கும் இடையே ஒரு நுட்பமான வேறுபாடு உள்ளது. பெற்ற தாய், "என் பிள்ளை என்னை அடிக்கிறான்" என்று சொல்ல வெட்கப்படுகிறார். தத்துத் தாய் வெட்கத்துடன் அச்சமும் கொள்கிறார். ஆறு மாதங்கள் வரை தன்னைச் சோதித்து, வீட்டைச் சோதித்து, நண்பர்களை விசாரித்து, "நீ தாயாகத் தகுதியானவள்" என்று சான்றளித்த அதே அலுவலகத்திடம், இப்போது முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ? இந்த அச்சத்தினால் உதவி கேட்பது தாமதமாகிறது. உதவி தாமதமாகும் இடத்தில்தான் தத்தெடுப்பு முறிந்து, குழந்தை மீண்டும் அரசின் பராமரிப்புக்குத் திரும்பும் ஆபத்து உருவாகிறது.

முடக்கத்தில் அமைதி கண்ட வீடுகள்

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. தத்தெடுத்த குடும்பங்களில் ஒரு பகுதியினர், அந்த மாதங்கள் தமக்கு எதிர்பாராத நிம்மதியைத் தந்ததாகக் கூறினர்.

இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. பள்ளி என்பது பல தத்துக் குழந்தைகளுக்கு நாள் முழுவதும் தம்மை அடக்கிக்கொள்ள வேண்டிய இடம். இரைச்சல், மாறும் ஆசிரியர்கள், சக மாணவரின் கேள்விகள் ஆகியவற்றைத் தாங்கிக்கொண்டு மாலை வீடு திரும்பும் குழந்தை, அடக்கிவைத்த அனைத்தையும் தாயிடம் கொட்டித் தீர்க்கும். பள்ளி நின்றபோது இந்த மாலை நேரப் போராட்டமும் சில வீடுகளில் நின்றது. பணிக்காக விரைந்து ஓடாத தாய், எங்கும் போகாத குழந்தை, ஒரே மாதிரியான நாட்கள் ஆகியவை சேர்ந்து, உறவு வேரூன்ற வாய்ப்பளித்தன. பார்க்க வரும் உறவினர் கூட்டம் இல்லாததால், புதிதாக வந்த குழந்தைக்குத் தாய் யார் என்பதில் குழப்பமும் குறைந்தது.

அதாவது, ஒரே முடக்கம் ஒரு வீட்டில் சுமையாகவும் மற்றொரு வீட்டில் வளமாகவும் அமைந்தது. தத்தெடுத்த தாய்மார் என்ற ஒரே பெயரில் அனைவரையும் அடக்குவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதுவே சான்று.

மீள்திறன் எங்கிருந்து வருகிறது?

மீள்திறன் என்ற சொல், இடிபாடு எதுவும் இல்லாத இரும்பு மனத்தைக் குறிப்பதாகப் பலர் கருதுகின்றனர். ஆய்வுகள் காட்டுவது வேறு.

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல தசாப்தங்கள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ்ந்த கடினமான நிலையில் பிறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையுள்ள, அன்புள்ள மனிதர்களாக வளர்ந்தனர். அவர்களிடம் காணப்பட்ட பொது அம்சங்களில் ஒன்று, நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவராவது அவர்கள் வாழ்வில் இருந்தார் என்பதாகும். அமெரிக்க உளவியலாளர் ஆன் மாஸ்டன் 2001ஆம் ஆண்டில், மீள்திறன் என்பது அபூர்வ மனிதர்களின் தனிச் சொத்து அல்ல, அன்றாட உறவுகளும் வழக்கமான ஆதரவுகளும் செயல்படும்போது இயல்பாக விளைவது என்று எழுதினார்.

தத்தெடுப்புத் துறையில் இதற்கு வலுவான சான்று ருமேனியாவில் இருந்து கிடைத்தது. 1989 டிசம்பரில் சௌஷெஸ்குவின் ஆட்சி வீழ்ந்த பின்னர், அந்நாட்டின் அநாதை இல்லங்களின் கொடுமையான நிலை உலகுக்குத் தெரியவந்தது. அங்கிருந்து பிரிட்டிஷ் குடும்பங்கள் தத்தெடுத்த 165 குழந்தைகளை, மைக்கல் ரட்டர் தலைமையிலான குழு, பிரிட்டனுக்குள் தத்தெடுக்கப்பட்ட 52 குழந்தைகளுடன் ஒப்பிட்டு நீண்ட காலம் ஆராய்ந்தது. ஆறு மாதங்களுக்கும் குறைவாக இல்லத்தில் இருந்தவர்கள் ஏனையோரைப் போலவே வளர்ந்தனர். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்குச் சிக்கல்கள் வளர்ந்த பின்னரும் நீடித்தன. எனினும், நீண்ட காலம் கொடுமையில் கிடந்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், எந்தக் கட்டத்திலும் சிக்கலின்றி வளர்ந்தார். அன்பான வீடு பெரும் மாற்றத்தை உண்டாக்க வல்லது என்பதையும், அன்பினால் மட்டும் எல்லாக் காயமும் ஆறிவிடாது என்பதையும் இந்த ஆய்வு ஒருசேரக் காட்டுகிறது. இந்த இரண்டாவது உண்மையைத் தாய்மாருக்கு வெளிப்படையாகச் சொல்வது அவர்களது குற்ற உணர்வைக் குறைக்கும்.

முன்னர் குறிப்பிட்ட கார்டிஃப் ஆய்வும் பெற்றோரின் பரிவான அணுகுமுறை குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களைத் தணிப்பதில் முக்கிய பங்கு வகிப்பதை உணர்த்தியது. ஆனால் பரிவு காட்டுவதற்கும் தெம்பு வேண்டும். தூங்காத, உதவியற்ற தாயிடம் பரிவை எதிர்பார்ப்பது, எண்ணெய் ஊற்றாமல் விளக்கை எரியச் சொல்வதாகும்.

கனடாவின் சமூகவியலாளர் டேவிட் கிர்க் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மற்றொரு கருத்தை முன்வைத்தார். தத்தெடுத்த குடும்பங்கள், தாம் மற்ற குடும்பங்களில் இருந்து எவ்வகையிலும் வேறுபட்டவை அல்ல என்று மறுக்கலாம், அல்லது வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு அதைப் பற்றிக் குழந்தையுடன் பேசலாம். ஏற்றுக்கொள்ளும் குடும்பங்களில் உறவு மேலும் உறுதியாக அமையும் என்பது அவரது வாதம். பெருந்தொற்றுக் காலத்துக்கும் இது பொருந்தும். "எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்" என்று தன்னைத் தேற்றிக்கொண்ட தாயைவிட, "என் பிள்ளைக்கு இந்த மாற்றம் ஏன் கூடுதலாக வலிக்கிறது" என்று அறிந்திருந்த தாய், உரிய உதவியை முன்கூட்டியே தேடியிருக்க வாய்ப்புண்டு.

ஒப்பீட்டில் கவனம் தேவை

இரு தரப்புத் தாய்மாரையும் எண்களால் ஒப்பிடும்போது அவசர முடிவுகளுக்கு வந்துவிடக் கூடாது. தத்தெடுக்கும் பெண்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். பரிசீலனையையும் பயிற்சியையும் கடந்து வந்தவர்கள். பலர் கருத்தரிப்புச் சிகிச்சைகளின் நீண்ட ஏமாற்றத்தைத் தாண்டி வந்தவர்கள். நிச்சயமின்மையுடன் வாழ அவர்கள் ஏற்கனவே கற்றிருக்கின்றனர். தராசின் வளத் தட்டில் இவை கணிசமான எடை கொண்டவை. அதேவேளை, அவர்களது குழந்தைகளின் தேவைகளும் கூடுதலானவை. ஆகவே, இரு தரப்பின் சராசரி அழுத்தம் சமமாக இருப்பதாக ஓர் ஆய்வு கண்டறிந்தால், சுமை சமம் என்பது அதன் பொருளாகாது. கூடிய சுமையைக் கூடிய வளம் ஈடுசெய்தது என்பதும் அதன் பொருளாக இருக்கலாம்.

இணையவழிக் கருத்தறிதலுக்குப் பதிலளிக்க நேரமும் கருவியும் உள்ளவர்களே அதில் பங்கேற்கின்றனர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. மிகவும் களைத்துப்போன தாய், எத்தரப்பைச் சேர்ந்தவராயினும், அந்தப் புள்ளிவிவரங்களில் இடம்பெற்றிருக்க மாட்டார்.

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள்

வெளிநாடுகளில் வாழும் தமிழ்ப் பெண்கள் குழந்தை பெறும்போது, ஊரில் இருந்து தாயார் வந்து சில மாதங்கள் உடனிருப்பது வழக்கம். 2020 மார்ச்சில் இது அறுந்தது. இந்தியா தனது வழமையான சர்வதேசப் பயணிகள் விமான சேவையை 2022 மார்ச் வரை தொடங்கவில்லை. இலங்கை தனது விமான நிலையங்களை 2021 ஜனவரியில்தான் சுற்றுலாப் பயணிகளுக்கு மீண்டும் திறந்தது. பத்தியச் சமையலும், குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் கைகளும் வாட்ஸ்அப் திரையில் அறிவுரையாக மட்டும் எஞ்சின.

தத்தெடுத்த தமிழ்ப் பெண்ணுக்கு இந்த இழப்பு வேறு விதமானது. அவருக்கு வளைகாப்பு இல்லை. தாய்வீட்டுப் பேறுகாலமும் இல்லை. குழந்தை வீட்டுக்கு வரும் நாளை ஊரறியச் சொல்வதா, மறைப்பதா என்பதே பல குடும்பங்களில் தீராத விவாதம். மறைக்கப்பட்ட தாய்மைக்கு ஆதரவும் மறைவாகவே கிடைக்கும். ரோஸ்கமும் மிக்கோலாயச்சாக்கும் தலைமையேற்று 2021இல் வெளியிட்ட, 42 நாடுகளை உள்ளடக்கிய ஆய்வு, பெற்றோரின் களைப்பு தனிமனிதப் போக்கு மேலோங்கிய மேற்கு நாடுகளிலேயே அதிகம் என்று கண்டறிந்தது. கூட்டு வாழ்வில் பிறந்து தனி வீட்டில் பிள்ளை வளர்க்கும் புலம்பெயர்ந்த தாய்க்கு, இந்த முடிவு புதிய செய்தியாக இராது.

இந்தியாவிலோ பெருந்தொற்று வேறொரு ஆபத்தை வெளிப்படுத்தியது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை பலரது உயிரைப் பறித்தபோது, பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுக்குமாறு கோரும் செய்திகள் சமூக வலைத்தளங்களில் பரவின. இவ்வாறு குழந்தையைக் கைமாற்றுவது சட்டவிரோதம் என்றும், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் நடைமுறையே பின்பற்றப்பட வேண்டும் என்றும் மத்திய அரசு எச்சரித்தது. பரிவு உண்மையானதுதான். ஆனால் தத்தெடுப்பு என்பது பேரிடர்க்கால நிவாரணம் அல்ல. துக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது, அது அறிந்த உறவினரின் முகம்.

அரசின் பதிலும் அதன் எல்லையும்

இங்கிலாந்தில் தத்துக் குழந்தைகளின் உளச் சிகிச்சைக்கு உதவும் ஆதரவு நிதியம் 2015இல் நாடளாவிய அளவில் தொடங்கப்பட்டது. 2020 ஏப்ரலில் அரசு அதில் இருந்து 80 லட்சம் பவுண்டுகளைப் பெருந்தொற்றுக்கால உதவிக்காக ஒதுக்கியது. இணையவழிச் சிகிச்சை, தொலைபேசி ஆலோசனை, பெற்றோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழுக்கள் ஆகியவற்றுக்கு அது பயன்பட்டது. விரைவாக எடுக்கப்பட்ட நல்ல நடவடிக்கை என்று இதனைக் கூறலாம்.

அதே மாதத்தில், அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தைகள் தொடர்பான பல பாதுகாப்பு விதிகள் தளர்த்தவும் பட்டன. குழந்தைகள் ஆணையரைக் கலந்தாலோசிக்காமல் இதனைச் செய்தது சட்டத்துக்கு முரணானது என்று 2020 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தத்தெடுப்புகளின் எண்ணிக்கையும் சரிந்தது. 2015ஆம் ஆண்டில் 5,360 ஆக இருந்த எண்ணிக்கை, 2020 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் சுமார் 3,450 ஆகவும், அதற்கடுத்த ஆண்டில் சுமார் 2,900 ஆகவும் குறைந்தது. நீதிமன்ற வழக்குகள் தேங்கியது இந்த இறுதிச் சரிவுக்கு ஒரு காரணம். ஒவ்வொரு தேக்கத்துக்குப் பின்னாலும், காத்திருந்த ஒரு குழந்தையும் காத்திருந்த ஒரு குடும்பமும் இருந்தன.

நெருக்கடியில் கற்ற பாடம் நிலைத்ததா? 2025 ஏப்ரலில், இந்த நிதியத்தில் இருந்து ஒரு குழந்தையின் சிகிச்சைக்கு ஆண்டொன்றுக்குக் கோரக்கூடிய தொகை 5,000 பவுண்டில் இருந்து 3,000 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. குறைந்த நிதியை அதிகமானோருக்குப் பகிர்வதே நோக்கம் என்றது அரசு. பெருந்தொற்றின்போது கைக்குழந்தையாக வீடு வந்தவர்கள் இப்போது பள்ளி செல்லும் வயதை அடைந்துள்ளனர். அவர்களின் கேள்விகளும் கோபங்களும் வெளிப்படத் தொடங்கும் வயது இது. உதவியின் தேவை கூடும் நேரத்தில் அதன் அளவு குறைந்திருப்பதைத் தாய்மார் சுட்டிக்காட்டுகின்றனர்.

மூன்றாவது தாய்

இந்த ஒப்பீட்டில் வழக்கமாக விடுபடும் ஒருவர் உண்டு. அவர், தத்துக் குழந்தையை ஈன்ற தாய். இங்கிலாந்தில் பல தத்தெடுப்புகளில், ஆண்டுக்கு ஓரிரு முறை அதிகாரிகள் வழியாகக் கடிதம் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு உள்ளது. கிருமி பரவிய காலத்தில், தன் குழந்தை உயிருடன் இருக்கிறதா என்பதை அறியக் கூட அந்தத் தாய்க்கு அக்கடிதம் ஒன்றே வழி.

அதே காலத்தில்தான் ஐரோப்பாவில், பழைய தத்தெடுப்புகள் பற்றிய விசாரணைகளும் முடிவுக்கு வந்தன. இலங்கையில் இருந்து தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள் தொடர்பான முறைகேடுகள் குறித்து 2020 டிசம்பரில் சுவிட்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கையை அடுத்து, 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நல்ல நம்பிக்கையுடன் ஒரு குழந்தையை ஏற்ற ஐரோப்பியத் தாய்மார் பலர், முதுமையில், முடக்கத்தின் தனிமையில், தம் பிள்ளை உண்மையில் விட்டுக்கொடுக்கப்பட்டதா, பறிக்கப்பட்டதா என்ற கேள்வியை எதிர்கொண்டனர். இலங்கையின் கிராமங்களிலும் அதே கேள்வியுடன் தாய்மார் உள்ளனர்.

2023 மே 5ஆம் தேதி, கோவிட்-19 தொடர்பான சர்வதேச அவசர நிலை முடிவுக்கு வந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வீடுகளுக்குள் அது அவ்வாறு ஒரே நாளில் முடியவில்லை. பெற்ற தாயோ, தத்தெடுத்த தாயோ, மீண்டெழுந்தவர்கள் பெரும்பாலும் மன உறுதி மிகுந்தவர்கள் என்பதால் மட்டும் மீளவில்லை. தொலைபேசியை எடுத்துக் கேட்க ஒருவர், குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஒருவர், "முடியவில்லை" என்று சொன்னபோது குறை காணாத ஒருவர் அவர்களுக்குக் கிடைத்தனர். அடுத்த பேரிடருக்கு முன்னர் அரசுகளும் சமூகங்களும் ஏற்பாடு செய்ய வேண்டியது அந்த ஒருவரைத்தான்.